கோடிப் புடவையில் தைத்த கூடை

எனக்குத் தையல் வராது. ஊசியைக் கையில் எடுத்தால் துணியைவிட விரலைத்தான் ஜாஸ்தி குத்திக்கொள்வேன். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தெரியவில்லை. குழந்தைகள் தினத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தைத்த துணிக்கூடை கொண்டுவர வேண்டும், கடையில் வாங்கியது கூடாது என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். கூடையில் மிட்டாய் நிரப்பிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்களாம். மூன்று மணிக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வந்து பார்க்கலாமாம்.

வேறு வருஷமாக இருந்தால், போங்கடி நீங்களும் உங்க கூடையும் என்று விட்டிருப்பேன். இந்த வருஷம் முடியவில்லை. சித்திரையில் அவள் அப்பா போய்விட்டார். மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். டாக்டர் காமாலை என்றார், நான் குடி என்றேன், எல்லாம் ஒன்றுதான். அதற்கப்புறம் என் மகள் பேச்சைக் கம்மி பண்ணிவிட்டாள். ஜூனில் இரண்டாம் வகுப்பு திறந்ததிலிருந்து அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பிள்ளைகள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பேசாத பிள்ளையோடு எத்தனை நாள் விளையாடுவார்கள்? டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், இன்டர்வெலில் சுவரோரமாக நின்று டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். யாராவது ஒரு பிள்ளை அவள் கையைப் பிடித்து விளையாட இழுத்துக்கொண்டு போக வேண்டும். கிரிவலம் போகிறபோதுகூட வேறெதுவும் கேட்கவில்லை.

கூடை சேதியைப் படித்துக் காட்டியதும் அவளே கேட்டாள், எல்லாருக்கும் நான் குடுக்கலாமா என்று. ஏழு மாசத்தில் அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அப்புறம் நான் எப்படித் தைக்காமல் இருப்பேன்?

அட்டைக்குப் பஞ்சமில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன், பேப்பர் வருகிற பெட்டி எத்தனையோ கிடக்கும். துணிதான் இல்லை. இருந்த பழைய புடவைகள் எல்லாம் சாயம் போனது, பல்லிளித்தது. புதுசாகக் கால் மீட்டர் வாங்கலாம் என்று கிளம்பியவள், பரணைப் பார்த்துவிட்டு நின்றேன். அங்கே ஒரு கட்டைப்பையில் ஒன்பது புதுப் புடவை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

எல்லாம் கோடி. புருஷன் செத்தால் பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு புதுப் புடவை கொண்டுவந்து பெண்டாட்டிக்காரி மேல் போர்த்துவார்கள். அதற்குப் பேர்தான் கோடி போடுவது. சித்திரை வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது புடவையைப் போர்த்தி என்னை உட்காரவைத்திருந்தார்கள். அழுவதா, மூச்சு விடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக என் அண்ணன் போட்டது கிளிப்பச்சை. சின்ன வயசிலிருந்து எனக்குப் பச்சை பிடிக்கும் என்று தேடி எடுத்திருக்கிறான். அதைப் போர்த்திவிட்டுத்தான் அவன் உடைந்து அழுதான். கோடியை நான் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வேறு யாருக்கும் தரக்கூடாது, நல்ல காரியத்துக்கு எடுக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்துதான் கத்திரிக்கோல் வைத்தேன். அந்த மனுஷன் வைத்துவிட்டுப் போனது இந்த ஒன்பது புடவைதான், அதில் ஒன்றாவது என் பிள்ளைக்கு ஆகட்டுமே என்று ஒரு ஆத்திரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதேதான்.

தையல் மிஷின் ஹவுஸ் ஓனரம்மாவுடையது. வராண்டாவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டதும் கொடுத்தார்கள், நூல்கூட அவர்களே கோத்துத் தந்தார்கள். மோசமான பொம்பளை என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் காரியத்தப்போ மூன்று நாள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள். அவர்கள் பேத்தியும் என் மகள் வகுப்புதான், ஆனால் மாடியை விட்டுக் கீழே இறங்க விட மாட்டார்கள், டியூஷன், டி.வி. என்று அவளுக்குப் பொழுது போகும். துணியைத் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்குதே, எங்க எடுத்தே என்று கேட்டார்கள். டெய்லர் கடையில் மீந்த துண்டு என்று சொல்லிவிட்டேன். நாக்கு கூசவே இல்லை.

நாலு தடவை நூல் அறுந்தது. அடியில் அட்டை வைத்து, சுற்றிலும் துணியை இரண்டாக மடித்துத் தையல் ஓட்டி, வாயைச் சுற்றி ஜரிகைக் கரையை வைத்தேன். கைப்பிடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வந்தது. என் மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு துணியைப் பிடித்துக்கொடுத்தாள். கோணலைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். அப்போதுதான் கேட்டாள், இது யார் புடவை என்று. அவள் சிரித்த மிதப்பில் இருந்தேன், உள்ளது வாயில் வந்துவிட்டது. அப்பா செத்தப்ப மாமா எனக்கு எடுத்தாந்தது என்றேன்.

"அப்பாவுக்காக வந்த புடவையாம்மா?"

ஆமாம் என்றேன். அவள் ஜரிகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பெரியவர்களிடம் பொய்யும் பிள்ளையிடம் நிஜமும் சொன்னேன். மாற்றிச் செய்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே தோன்றியது.

குழந்தைகள் தினத்தன்றைக்குக் கடையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு ஓடினேன். கார்த்திகை தீபத்துக்கு ரோட்டில் தடுப்பு கட்ட ஆரம்பித்திருந்தார்கள், ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. நான் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் ஹாலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், அம்மாக்கள் சுவரோரம் நாற்காலியில், ஓனரம்மாவும் அவர்களோடு. என் மகள் கிளிப்பச்சைக் கூடையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் சாக்லேட் கொண்டுவந்திருக்க, அவள்தான் ஆரஞ்சு மிட்டாய் வேண்டும் என்று அடம்பிடித்தவள். அவள் அப்பா டிரிப் முடித்து வரும்போது வாங்கிவருவது அது. ஒரு சுற்று முடித்துவிட்டாள். ஓனரம்மாவின் பேத்தி இவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பார்த்தேன், என் ரெண்டு கண்ணால் பார்த்தேன். வேண்டினது நடந்துவிட்டது என்று மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

பேத்தி கூடையை வாங்கிப் பார்த்து, சூப்பரா இருக்கு, எந்தக் கடைத் துணி என்று கேட்டாள். ஏழு மாசம் வாயைத் திறக்காத என் மகள், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி பெருமையாகச் சொன்னாள்.

"கடை இல்ல. எங்கப்பா செத்துட்டாரு இல்ல, அப்ப எங்க மாமா எங்கம்மா மேல போத்துனது."

ஓனரம்மா எழுந்து வந்தார்கள். பேத்தி கையிலிருந்த மிட்டாயை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் உட்காரவைத்தார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் இன்னொரு அம்மா வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன், வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும். மிட்டாய் ஒவ்வொன்றாகக் கூடைக்குத் திரும்பி வந்தது. டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் கூடையை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, வந்து போடுகிறவர்களுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், என் கூடைலதாம்மா ஜாஸ்தி என்றாள். ஆமாம்டி தங்கம் என்றேன். பஸ் ஸ்டாப் வருவதற்குள் அவள் உள்ளே கைவிட்டுக் கிளறிப் பார்த்துவிட்டாள். எல்லாம் நாம வாங்குனதும்மா என்று மட்டும் சொன்னாள்.

ஓனரம்மா எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டிருந்தார்கள். மாடிக் கதவு சாத்தியிருந்தது. வராண்டாவில் தையல் மிஷினைக் கழுவித் துடைத்து, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தரையில் மஞ்சளாக வழிந்து காயாமல் இருந்தது. அதைத் தாண்டித்தான் எங்கள் அறைக்குப் போக வேண்டும். என் மகள் நின்றாள். மிஷினுக்கு எதுக்கும்மா மஞ்ச தண்ணி என்றாள். தீட்டு போறதுக்கு என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் எனக்குப் பொய் வரவில்லை.

கூடையைக் கொண்டுபோய் மிஷினுக்குப் பக்கத்தில் ஈரத்தில் வைத்தாள். தானும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என் மேலயும் தெளிச்சுடும்மா," என்றாள். "அப்புறம் வாங்கிப்பாங்க இல்ல?"