ரோசலின் மிஸ் போடாத திருத்தம்

ரோசலின் மிஸ் போய்விட்டார். இன்று காலை, ஆழ்வார்பேட்டை வீட்டில், தூக்கத்திலேயே...

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மிஸ் வேலை பார்த்த காலேஜின் கிரவுண்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். ஓடுகிற பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, ஸ்டோர் ரூம் சாவி எல்லாம் என் கையில்.

மிஸ் மீடியா டிபார்ட்மென்ட். பிள்ளைகள் வருஷா வருஷம் போடுகிற காலேஜ் புத்தகத்துக்கு அவர்தான் பொறுப்பு.

ஒரு வருஷம் புத்தகம் முழுக்க ஒரே விஷயம். விளையாடுகிற பெண்களைப் பேப்பரும் டிவியும் ஏன் காட்டுவதில்லை என்று.

பிள்ளைகள் என் ஸ்டோர் ரூம் தரையில் பழைய பேப்பரைப் பரப்பி, ஆம்பளை நியூஸ் எவ்வளவு நீளம், பொம்பளை நியூஸ் எவ்வளவு நீளம் என்று அளந்தார்கள். அளந்தது என் கிரவுண்ட் டேப்பால்!

"இன்னா மிஸ், இத்தினிகூண்டு நியூசுக்கு முப்பது மீட்டர் டேப்பா?" என்றேன்.

"ஒரு நாள் நீளமா வரும்னு நம்பிக்கைதான் கன்னியம்மா" என்று சிரித்தார்.

அந்த வருஷ ஸ்போர்ட்ஸ் டே அன்று சுண்ணாம்பு தீர்ந்துபோய், கடைசிக் கோடு பாதியில் நின்றுவிட்டது. மிஸ் ஸ்டாஃப் ரூம் சாக்பீஸ் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்து, பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, கல்லால் நசுக்கி நசுக்கிக் கொடுத்தார்.

அதை நான் மறுக்க மாட்டேன். நல்லதையும் மறக்க மாட்டேன், மற்றதையும் மறக்க மாட்டேன்.

அந்தக் கோட்டை ஒட்டித்தான் என் மகள் கலா ஓடினாள். அதே காலேஜில் பி.காம். நானூறு மீட்டர், முதலிடம்.

ஆனால் சீஃப் கெஸ்ட் இரண்டு மணி நேரம் லேட். கலாவுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் நாலு மணிக்கு பில்லிங் டூட்டி, போகாவிட்டால் வேலை போய்விடும்.

அவளுக்குப் பதிலாக அவள் ஃபிரெண்ட் ஜெயந்தி மேடை ஏறிக் கப்பை வாங்கினாள். கேமரா வைத்திருந்த பிள்ளை மேடையில் நின்றவளை எடுத்தது, மேடையில் நின்றவளிடமே பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டது.

புத்தகம் வந்தது. 'நானூறு மீட்டர் முதலிடம்' என்று முழுப் பக்கம். நிற்பது ஜெயந்தி, கீழே பெயரும் ஜெயந்தி. அவள் ஓடுகிறவளே இல்லை, குண்டு எறிகிறவள்!

பெண்களைக் காட்டுவதில்லை என்று ஊரையே திட்டின புத்தகம் அது...

நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். என் மகள் பெயர் அங்கே இல்லை என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பு போதும்.

நேராக மிஸ் ரூமுக்குப் போனேன். "இது என் பொண்ணு இல்லியே மிஸ். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீதான பாத்த?"

மிஸ் முகம் செத்துப்போயிற்று. "எழுத்துப்பிழை பார்த்தேன் கன்னியம்மா... முகத்தைப் பார்க்கலை. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடலாம்."

அடுத்த வருஷம் புத்தகம் போட்டது புது பேட்ச். "அது போன வருஷ அக்காங்க போட்டதும்மா, எங்களுக்குத் தெரியாது" என்றது ஒரு பிள்ளை.

அதற்கடுத்த வருஷம் திருத்தம் பக்கத்தில் ஏறி, கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்ததால் அதை எடுத்துவிட்டார்களாம். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் இருந்தது மிஸ்ஸும் நானும்தான்.

அப்புறம் புத்தகமே நின்றுபோய் எல்லாம் இன்ஸ்டாகிராம் ஆகிவிட்டது.

"அதை விடும்மா, கப்பு நம்ம வூட்லதான கீது" என்பாள் கலா. நான் விடவில்லை. அவள் மகள் ஏழு வயதில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இதுல அம்மா எங்க ஆயா?" என்று கேட்டது எனக்குத்தானே தெரியும்.

இரண்டு வருஷம் முன்னால் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி, கைத்தடியோடு நின்றார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை...

"நான் மறக்கலை கன்னியம்மா."

"நானுந்தான் மிஸ்."

அவ்வளவுதான் பேசினோம்.

இன்று காலை காலேஜ் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் மிஸ்ஸுக்கு அஞ்சலி போட்டிருக்கிறார்கள். பூ, மெழுகுவத்தி, பாட்டு, எல்லாம் சரி. போட்டோவில் இருப்பது ஹிஸ்டரி மிஸ்!

அவர் அடையாறில் நன்றாக இருக்கிறார். ரோசலின் மிஸ் ரிட்டயர்மென்ட் விழா அன்று காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவருக்குப் பதிலாக மேடை ஏறிச் சால்வை வாங்கினவர். பிள்ளைகள் அந்தப் பழைய போட்டோவை எடுத்து அப்படியே போட்டுவிட்டார்கள்.

இருநூறு பேர் அழுகிற எமோஜி போட்டிருக்கிறீர்கள். ஒருத்தருமா முகத்தைப் பார்க்கவில்லை?

"இது ரோசலின் மிஸ் இல்லை" என்று கமெண்ட் போட்டேன். "சாரி பாட்டி, அடுத்த போஸ்ட்ல திருத்திடறோம்" என்று பதில்.

அடுத்த போஸ்ட்டா... எனக்குத் தெரியாதா அந்த அடுத்தது!

பெட்டியைத் திறந்து அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தைத்தான் எடுத்தேன். மிஸ் படம் என்னிடம் வேறு இல்லை. மூன்றாம் பக்கம், புத்தகம் போட்ட பிள்ளைகளோடு, என் ஸ்டோர் ரூம் வாசலில்.

வலது ஓரத்தில், கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர்தான் ரோசலின் மிஸ். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தப் படத்தையே ஷேர் பண்ணுங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நான் கலாவோடு போகிறேன்.

போய் வாங்க மிஸ். உங்க திருத்தத்தை நான் போட்டாச்சு... என் பொண்ணோடது இன்னும் வரலை.