கரமனையில் நான் சொல்லாமல் வந்தது

நண்பர்களே, ஞாயிறன்று சபையில் என் சாட்சியைக் கேட்டுத் தைரியசாலி என்றீர்கள். இன்று நடந்ததையும் வாசித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். என் அறைத் தோழனுக்கு மட்டும் வேண்டாம்.

கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டு மின் மீட்டர் பழுது. வாசலில் நின்று கழற்றிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு மாமி பேர் கேட்டார்.

"தேவதாஸ்."

"வேதக்காராளா?"

"ஆமா, கிறிஸ்தவன்தான்" என்றேன், தலை நிமிர்ந்துதான்.

மாமி குரலைத் தாழ்த்தினார். "எம்பிள்ளையும் வேதத்துல சேர்ந்துட்டான். உயிரோட இருக்கறவனுக்குக் கர்மம் பண்ணித் தலைமுழுகிட்டா. இடது புருவத்துல தழும்பு இருக்கும். எங்கயாவது பாத்தேளா? மோர் இல்லாம அவனுக்குச் சாதம் எறங்காது."

அந்தத் தழும்பை நான் தினமும் பார்க்கிறேன். தம்பானூர் அறையில் எனக்கு அடுத்த பாயில் படுப்பவன் அவன். ஞானஸ்நானத்துக்கு அவனைக் கூட்டிப்போனவன் நான்.

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல்: "யாரோட பேச்சு?"

"லைட் எப்போ எரியும்னு கேட்டுண்டிருக்கேன்" என்ற மாமி, பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

"பாக்கல" என்றேன்.

சந்தை முக்கில் நின்று இயேசுவை அறிக்கையிடுகிற வாய்தான் இதையும் சொன்னது.

அறைக்கு வந்தேன். அவன் சோற்றில் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாளும் அவன் மோர் கேட்டதில்லை. எனக்கும் வாங்கித் தரத் தோன்றியதில்லை.

"இன்னிக்கு எங்கே வேலை?" என்று கேட்டான்.

"பேட்டையில."

ஆக, இதுவரை இரண்டு பொய். மூன்றாவதைச் சொல்வதற்குள் யாராவது வந்து சொல்லுங்கள்: அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?