சத்தியபாமாவின் கரவனும் முப்பது கிலோ பால்சுறாவும்

மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதியில் சத்தியபாமாவைத் 'தராசு அன்ரி' என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும். டண்டினோங்கில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பதினேழு வருடம் லொறிகளுக்குப் பாரம் ஏற்றும் பகுதியைப் பார்த்தவர். எந்த அச்சில் எத்தனை கிலோ நிற்கிறது என்று தெரியாமல் ஒரு லொறியும் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. றைவர்மார் கெஞ்சிப் பார்ப்பார்கள், கோபிப்பார்கள், கடைசியில் பேசாமல் இறக்கி அடுக்குவார்கள். கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்கினாலும் மனுசி தூக்கிப் பார்த்து, "இதில ரெண்டு கிலோ குறையுது" என்று சொல்லும். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில் ஒரு கரவன், வண்டியில் பூட்டி இழுத்துப்போகிற சில்லு வீடு, வாங்கினார். ஊர் சுற்ற அல்ல. மகள் லக்சிகா மில்டுராவில் ஆசிரியை, இப்போது பிள்ளைத்தாய்ச்சி. மருமகன் பிரஷாந்தன் அங்கே ஒரு பாதாம் தோட்டத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். அவர்களுடைய வீடு ஒற்றை அறை வீடு. பிள்ளைப்பேறு பார்க்கப் போனால் நாற்பத்தொரு நாளும் எங்கே படுப்பது? முற்றத்தில் கரவனை நிறுத்திவிட்டு அதற்குள் இருக்கலாம் என்று சத்தியபாமா முடிவெடுத்தார். முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

கரவனை இழுக்க பின்னால் திறந்த பெட்டி வைத்த ஒரு இரட்டைக் கதவு யூட் வண்டியும் வந்தது. அதை அவர் ஆயத்தம் செய்த விதத்தைப் பார்த்து, கரவனை இழுக்கும் கொக்கியைப் பூட்டிக் கொடுத்த பட்டறைக்காரனே வாயைப் பிளந்தான். யூட் எவ்வளவு இழுக்கும், யூட்டும் கரவனும் சேர்ந்து எவ்வளவு நிறை போகலாம், பின்சில்லுகள் எவ்வளவு தாங்கும் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தார். கரவனுக்கெனத் தனி மின்சார பிரேக் பூட்டுவித்தார். அதைக் கையால் பிடிக்கிற குமிழைத் தன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைக்கவேண்டும் என்று நின்று வைப்பித்தார். பின்னால் வருவது தெரிய இரண்டு பக்கமும் நீட்டுக் கண்ணாடி, கொக்கி கழன்றாலும் கரவன் ஓடிவிடாமல் குறுக்காகப் பூட்டும் இரண்டு சங்கிலி. கரவன் ஓட்டப் பழக்குகிற வகுப்புக்கும் இரண்டு சனிக்கிழமை போய்வந்தார்.

கணவர் கேதீஸ்வரன் வகுப்புக்குப் போகவில்லை. இருபத்தெட்டு வருடம் மெல்பேர்ணில் பஸ் ஓட்டியவருக்கு யார் என்ன படிப்பிப்பது?

"நான் பன்ரெண்டு மீற்றர் பஸ்ஸைச் சந்துக்குள்ள திருப்பினவன், பாமா" என்பார்.

"உங்கட பஸ் ஒரு துண்டு. இது ரெண்டு துண்டு" என்று சத்தியபாமா வாயை அடைத்துவிடுவார்.

குழந்தை இரண்டு கிழமை முந்திப் பிறந்துவிட்டது. வியாழக்கிழமை சத்தியபாமா வேலைத்தலத்தில் பொறுப்பை ஒப்படைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கேதீஸ்வரன் தன்பாட்டில் கரவனுக்குள் சாமான் ஏற்றினார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா மீன் வேண்டும். மில்டுராவில் அது எங்கே கிடைக்கப்போகிறது? மீன்கடையில் சொல்லிவைத்து முப்பது கிலோ வாங்கி, பிறீசரில் நிரப்பி, பிறீசரைக் கரவனின் வால்பக்கத்தில் வைத்தார். மின்சாரம் அங்கேதானே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரண்டு மூட்டை அரிசி, கிரைண்டர், நல்லெண்ணெய் ரின்கள், இடித்த சரக்குத்தூள், ஒரு பெட்டி உள்ளிப்பூண்டு. எல்லாம் மகளுக்கு. எல்லாம் பின்னால்.

அன்று பின்னேரம் லக்சிகா தொலைபேசியில் வந்தாள். "அம்மா, நாளைக்கு மூண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை விடீனமாம். நான் வீட்டை வரேக்க நீங்கள் நிப்பியள்தானே?"

"நிப்பன் பிள்ளை" என்றார் சத்தியபாமா.

அந்த வார்த்தையைக் கொடுத்தது சும்மா அல்ல. லக்சிகா பிறந்தபோது சத்தியபாமாவுக்கு இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. கேதீஸ்வரன் புது வேலையில், லீவு கேட்கப் பயந்து பஸ்ஸில். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் திறப்புமாக டாக்சியில் வந்து இறங்கி, தானே கதவைத் திறந்து, வெறும் வீட்டுக்குள் போனவர் அவர். கதிரையில் இருந்து அழுத அந்த அழுகையை அவர் மறக்கவில்லை. தன் மகள் வெறும் வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த யூட், கரவன், வகுப்பு எல்லாமே.

வெள்ளி காலை ஏழு மணி. கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்க்கிற சின்னத் தராசைச் சத்தியபாமா கையில் எடுத்தார். கேதீஸ்வரன் ஏற்கனவே யூட்டுக்குள் பக்கத்து ஆசனத்தில் ஏறியிருந்தார்.

"நான் பாத்தனான், பாமா. கரவன்ர மூக்குப்பக்கம், கொக்கியடியில, பஞ்சு மாதிரி இருக்கு. முந்தியதைவிட லேசா எழும்புது. யூட்டுக்குச் சுமையே இல்லை. வெளிக்கிடுவம், பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்."

மூக்கு பஞ்சு மாதிரி இருந்தால் வால் கல்லு மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். இது சத்தியபாமாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் முன்னால் கிடந்தது, மூன்று மணி என்று மகள் சொன்னது காதுக்குள் நின்றது. பதினேழு வருடம் ஒரு றைவருக்கும் இரங்காத மனுசி அன்று தனக்குத்தானே இரங்கிவிட்டார். தராசை ஆசனத்துக்குக் கீழே போட்டுவிட்டு யூட்டை எடுத்தார்.

கைன்ரன் ஊரைத் தாண்டி ஒரு இறக்கம். வேகம் தொண்ணூற்றைந்து. பெரிய லொறி ஒன்று வலப்பக்கத்தால் முந்திப் போனது. அதன் காற்று தள்ளியதும் கரவனின் வால் ஒரு தரம் ஆடியது, திரும்ப இன்னும் பெரிதாக ஆடியது. கண்ணாடியில் ஒரு முறை கரவன் முழுதாகத் தெரிந்தது, மறுமுறை காணவே இல்லை. யூட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது.

"பிரேக்கைப் பிடி! பிரேக்கைப் பிடியப்பா!" என்று கேதீஸ்வரன் கத்தினார். அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

சத்தியபாமா பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைத்தால் கரவன் யூட்டை மடக்கிவிடும். ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, இடது கையால் குமிழை மெல்ல அழுத்தினார். கரவனின் பிரேக் மட்டும் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போல யூட் நிமிர்ந்தது. ஆட்டம் ஒடுங்கி, எண்பது, எழுபது, அறுபது என்று வேகம் இறங்கியது. லொறிகள் நிறுத்துகிற இடம் ஒன்று வந்தது. அதற்குள் போய் நிறுத்தினார்.

கேதீஸ்வரனுக்கு முகத்தில் இரத்தமில்லை. "இருபத்தெட்டு வருசத்தில..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"உங்களில பிழையில்லை. பாக்க வேண்டியவள் நான். பாக்காமல் எடுத்தனான்" என்றார் சத்தியபாமா. இனி என்ன செய்யவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. கரவனைக் கழற்றித் தராசை வைத்துப் பார்த்தார். இருநூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கவேண்டிய இடத்தில் எண்பது காட்டியது.

"எல்லாத்தையும் இறக்குவம்."

"இப்பவே? மூண்டு மணிக்குப் போகேலாது பாமா. கெதியைக் குறைச்சு அப்பிடியே உருட்டிக்கொண்டு போவம்."

"மாட்டன்."

ஒரு சொல்தான். பிறகு தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார். கரவன் ஆடியதைச் சொல்லவில்லை. "சாமான் பிழையா ஏத்திப்போட்டம் பிள்ளை. இறக்கி ஏத்தவேணும். மூண்டுக்கு என்னால வரேலாது. ஆறு ஆகும்."

"ஓகே அம்மா. டிரைவ் சேஃப்" என்று லக்சிகா வைத்துவிட்டாள். மனம் நொந்தால்தான் அவள் தாயோடு இங்கிலீஷில் பேசுவாள். சத்தியபாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிறீசரைத் திறந்தார்.

பால்சுறாவைப் பொதி பொதியாக வெளியே எடுத்து, போர்வையில் சுற்றி நிழலில் வைத்தார்கள். வெறும் பிறீசரை இரண்டு பேருமாகத் தள்ளி நடுவில், சில்லுக்கு நேர் மேலே நிறுத்திப் பட்டியால் இறுக்கினார்கள். அரிசியும் கிரைண்டரும் முன்னால் போயின. கேதீஸ்வரன் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார், ஆனால் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. தூக்கென்ற இடத்தில் தூக்கினார். தராசு இருநூற்றைந்து காட்டியது. சத்தியபாமா கொக்கியைப் பூட்டி, சங்கிலியை இழுத்துப் பார்த்து, விளக்குகளையும் ஒருதரம் போட்டுப் பார்த்தபிறகுதான் ஏறினார்.

அதற்குப் பிறகு எத்தனை லொறி முந்திப் போனாலும் கரவன் அசையவில்லை. நேரே போகிற றோட்டைக் கண்டு, "இப்ப கொஞ்சம் கூட்டலாமே" என்று கேதீஸ்வரன் ஒருதரம் கேட்டார். தொண்ணூறிலிருந்து முள் ஏறவில்லை. மூன்று மணி அடித்தபோது அவர்கள் சீ லேக் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது பிள்ளை கதவைத் திறக்கிறாள் என்று சத்தியபாமா நினைத்தார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஐந்தே முக்காலுக்கு மில்டுராவில் அந்த வீட்டு வாசலில் பிரஷாந்தன் தனியே நின்றான்.

"பிள்ளையள் உள்ளுக்கோ?" என்று சத்தியபாமா இறங்க முன்னமே கேட்டார்.

"இல்லை மாமி. இன்னும் ஆஸ்பத்திரியிலதான்."

"ஐயோ, என்ன? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை, பயப்பிடாதேங்கோ. மூண்டு மணிக்கே துண்டு வெட்டிட்டினம், கட்டிலையும் எடுத்திட்டினம். லக்சி வெளிக்கிடமாட்டன் எண்டிட்டா. பாக்க வாற ஆக்கள் இருக்கிற கதிரையில பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறா. நேர்ஸ்மார் வந்து வந்து கேக்கினம், வீட்டை போகேல்லையோ எண்டு. 'அம்மா ஆறு மணிக்கு வருவா, அதுக்குப் பிறகு போறன்' எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் வீட்டைத் திறந்து வைக்க வந்தனான். போய்க் கூட்டிக்கொண்டு வரட்டே மாமி?"

சத்தியபாமா யூட்டின் கதவைப் பிடித்தபடி நின்று, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஒரு பத்து நிமிசம் கழிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி" என்றார். "நான் முகத்தைக் கழுவிப்போட்டு, ஆலாத்தி கரைச்சுக்கொண்டு வாசலில நிக்கிறன்."