ஏற்கப்படாத பதினொரு வரிகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. மொத்தம் பதினொரு வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘எண் அல்ல, ஏற்கப்படவில்லை’ என்று கணினி அச்சடித்திருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு பெண்ணின் கையெழுத்து. தொண்டாமுத்தூர்ப் பக்கம் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த தபால்காரம்மா எழுதியது.

யானை மலையிறங்கினால் தோட்டத்துக் குடும்பங்களுக்கெல்லாம் போனில் எச்சரிக்கை போக வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் ஏற்பாடு செய்தார்கள். மென்பொருள் என் பொறுப்பு, பெயர்ப் பட்டியல் தபால்காரம்மாவின் பொறுப்பு. எந்த வாய்க்காலைத் தாண்டினால் எந்த வீடு என்று அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் அத்துப்படி. எக்செல் ஷீட்டில் அவரே தட்டி அனுப்பினார்.

இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறவன் நான். டேட்டாபேஸில் போன் எண்ணுக்கான கட்டத்தை எண் மட்டும் ஏற்கும்படி வைத்திருந்தேன். முதல்முறை ஏற்றியபோது பாதி வரிகள் திரும்பி வந்தன. அசரவில்லை. சிலவற்றின் நடுவே இடைவெளி, சிலவற்றின் முன்னால் கூட்டல் குறி, சில எண்கள் ஷீட்டிலேயே சுருங்கி 9.8E+09 என்று நின்றன. காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்தேன். மிஞ்சியவை பதினொன்று. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘போன் இல்லீங்க, பக்கத்துத் தோட்டத்துல சொல்லோணும்’, ‘காது கேக்காது, லைட் அடிச்சுக் காட்டோணும்’ என்றெல்லாம் எழுதியிருந்தார். சிரித்துவிட்டு, பிழையான வரிகளை விட்டுவிட்டு மற்றதை ஏற்றச் சொன்னேன். திரையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்து வந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் அந்தி நேரம் ஒற்றை யானை இறங்கியது. அழைப்புகள் பறந்தன. ஆர்.எஸ்.புரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து அதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது தபால்காரம்மா கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, மேக்காலத் தோட்டத்து அண்ணனுக்கு யாரு சொன்னாங்க?”

தேடினேன். காது கேட்காத அந்த மனிதரின் பெயரே டேட்டாபேஸில் இல்லை.

“உட்டுப்போட்டேன் அம்மணி” என்றேன்.

திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது, இணைப்பு அறுந்தது. அடுத்த முக்கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கூசிப்போய் நான் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை. பிறகுதான் தகவல் வந்தது. தோட்டத்துச் சாளை வீட்டின் கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். அந்த மனிதர் வெளியே வந்து வண்டியில் ஏறிக்கொண்டபோது அடுத்த தோட்டத்தில் வாழை முறிகிற சத்தம் கேட்டதாம். ஓட்டியவருக்கு மட்டும்.

மறுநாள் பிழைப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பதினொரு வரிகளுக்கும் பக்கத்தில் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தார். அது அவருடைய எண். ஏற்றினால் மறுபடியும் பிழை. ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்று நான்தானே விதி வைத்திருந்தேன்!

“ஒரு தடவ கூப்பிட்டாப் போதாதுங்களா?” என்று கேட்டேன்.

“பதினொண்ணும் வரட்டுங்கண்ணா. ஒவ்வொரு ஊட்டுப் பேரா சொல்லோணும். ஒண்ணே ஒண்ணுன்னா யாரையாச்சும் மறந்துபோடுவேன்.”

விதியை எடுத்துவிட்டேன். அவர் எழுதிய குறிப்புகளுக்கும் தனியாக ஒரு கட்டம் திறந்தேன்.

இன்றும் நான் வேலையில் கெட்டிக்காரன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் எந்தப் பட்டியலை ஏற்றினாலும் திரும்பி வந்த வரிகளைத்தான் முதலில் படிக்கிறேன். தபால்காரம்மா மாற்றலாகிச் சிங்காநல்லூர்ப் பக்கம் போய்விட்டார். போகும்முன் பதினொரு வீட்டுக்கும் பக்கத்திலேயே ஆள் பிடித்து, எண் வாங்கித் தந்தார். தன் எண்ணை ஒரே ஒரு பெயரிலிருந்து மட்டும் எடுக்க விடவில்லை.

போன வாரம் மறுபடி யானை இறங்கியது. ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

“அண்ணன் வெளிய வந்துட்டாருங்களா?”

தாளில் பத்து வரிகளை நான் அடித்துவிட்டேன். பதினோராவது வரி ‘எண் அல்ல, ஏற்கப்படவில்லை’ என்று அப்படியே இருக்கிறது, பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய எண்ணோடு.