அரஃபா நோன்பன்று என் மகளுக்காகக் கேட்ட துஆ

மதியம் மூன்று பத்துக்கு மகளின் கைபேசி அடங்கிப்போனது. கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். மறுநாள் பக்ரீத் விடுமுறை என்பதால் ஸ்கூட்டியில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். "மழை புடிச்சுக்கிச்சும்மா, ஓரமா நிக்கறேன்" என்றாள். அதோடு சரி.

மலையில் சிக்னல் போவது புதிதில்லை. ஆனால் சற்று நேரத்தில், மலைப்பாதையில் மரங்கள் விழுந்து பஸ் பாதியில் திரும்பிவிட்டது என்று செய்தி வந்தது. என் கணவரும் பக்கத்து வீட்டு பாயும் பைக்கில் கிளம்பினார்கள். அன்று பக்ரீத்துக்கு முந்தின நாளான அரஃபா நாள். நோன்பிலிருந்த பாய், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

என் பயம் அவள் உயிரைப் பற்றி மட்டுமில்லை. போன மாதம் எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தண்ணீரில் இறக்குமுன் போதகர் எல்லாரிடமும் கேட்பார்: இன்றைக்கு உயிர் போனால் பரலோகம் போவாய் என்ற நிச்சயம் உண்டா? எங்கள் ஆட்கள் "உண்டு" என்பார்கள். இரட்சிக்கப்பட்ட தேதியையும் சேர்த்துச் சொல்வார்கள். இவள் "தெரியலை ஐயா" என்றாள். அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை ஒன்று இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

பாயின் மனைவி பாயம்மா என்னைத் தனியே விடவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு டம்ளர் டீயாவது குடி டீச்சர். நோம்பு எனக்குத்தான், உனக்கு இன்னா?"

இந்த நோன்பு வைத்தால் போன வருஷப் பாவமும் வரும் வருஷப் பாவமும் மன்னிக்கப்படும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். "ரெண்டு வருஷத்துக்குத்தானா? எங்களுக்கு எல்லாம் சிலுவையிலயே முடிஞ்சுபோச்சு பாயம்மா" என்று அப்போது சீண்டினேன். "உங்களுக்கு ரிசல்ட்டே வந்துடுச்சு. நாங்க இன்னும் பரீட்சை எழுதிக்கினு இருக்கோம்" என்று சிரித்தார்.

என் இரட்சிப்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அன்றும் வரவில்லை. ஆனால் அதில் ஒரு துளியைக்கூட மகளுக்கு எடுத்துக் கொடுக்க முடியாதே. வேதாகமத்தைத் திறந்தேன். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை.

"அல்லா உங்க நோம்பை ஏத்துக்கிட்டாரா இல்லையான்னு தெரியாம எப்படிங்க இருக்கீங்க?"

"தெரியாதுதான். கேட்டுக்கினே இருக்கறோம். கைவுட மாட்டான்னு ஒரு நம்பிக்கை."

பொழுது இறங்கியது. தட்டில் பேரீச்சம்பழமும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கும் துஆ, அந்த வேண்டுதல், வீண்போகாது என்பார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணுக்காகக் கேளுங்க. உயிருக்கும், அதுக்கப்புறம் இருக்கறதுக்கும்."

"உயிருக்குக் கேக்கறேன். மத்ததை அவளே வந்து கேட்டுக்கட்டும், வாய் இருக்குதில்ல?"

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பழத்தைக் கையில் வைத்தபடியே அவர் உதடுகள் அசைந்தன. நானும் தலை குனிந்தேன். என் வாயில் ஒன்றும் வரவில்லை.

அவர் பழத்தைத் தின்று முடித்து வெகுநேரம் ஆன பிறகு, வாசலில் பைக் சத்தம் கேட்டது. நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தவளை, இவர்கள் கிளைகளைத் தாண்டி நடந்துபோய்க் கூட்டிவந்திருந்தார்கள். கைபேசிகள் நனைந்து செத்துவிட்டன. பாய் நின்றபடியே சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

நான் அவள் முகத்தை, கைகளை, முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

"ஜெபம் பண்ணலாம்னுதான் பார்த்தேம்மா, ஒரு வார்த்தை வரல" என்றாள். "நீ ஆள் வுட்டுத் தேடுவேன்னு மட்டும் தெரியும். அதுல எனக்குச் சந்தேகமே வரல."