தொட்டில் துணி துவைத்த டீச்சர்

இன்று தஞ்சோங் காராங் மீன் கடையில் ஓர் அம்மா என்னை மறித்தார்.

"நீ தொட்டில் துணி தொவச்ச டீச்சர்தானே?"

எண்பதுகளில், பதினேழு வயதில் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தின் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவுக்கு உதவியாக, 'டீச்சர்' என்ற பெயரில் சேர்ந்தேன். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள், தாங்கள் உடுத்திய சாரோங்கில்தான் தொட்டில் கட்டிப் பிள்ளையை விட்டுச் செல்வார்கள்.

முதல் நாளே சுத்தம் பார்த்து, எல்லா சாரோங்கையும் சோப்புப் போட்டுத் துவைத்து, வேறு துணியில் தொட்டில் கட்டினேன். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. கொட்டகையே அலறியது.

"அம்மா வாசத்த அலசி ஊத்திட்டியே! வெட்டுக்காட்டுக்கு ஓடு லா, அவளுங்ககிட்ட ஏதாச்சும் வாங்கிட்டு வா," என்று ஆயா விரட்டினார்.

தாய்மார்கள் என்னைத் திட்டிக்கொண்டே ஆளுக்கொரு தலைத்துண்டை அவிழ்த்துத் தந்தார்கள். ரப்பர் பாலும் வியர்வையும் கலந்த அந்த வாடை பட்டதும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. இன்றும் ரப்பர் வாடை வந்தால் எனக்குக் கண் சொக்கும்.

"பாட்டு, கதையெல்லாம்கூட சொல்லிக் குடுத்தேனேம்மா," என்றேன்.

"அது யாருக்கு ஞாபகம்? என் தலைத்துண்டு இன்னும் வரல லா!"

உங்களை ஊர் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது?