திறப்புக்கார வீடு

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டு நீங்கள் இருவரும் வாசல் படலைக்கு ஓடினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நானும் ஓடினேன், சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. எங்கள் ஒழுங்கைக்குள் அந்தப் பாட்டு வந்து எவ்வளவு காலம்!

சூட்டுப் பாண் மணந்ததும் எனக்கு மீன் பொரியல் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், தொடர்பு இருக்கிறது. நான் உங்கள் வயதில் இருந்தபோது இந்தப் பாலையூற்று ஒழுங்கையில் அநேகமான ஆண்களுக்குத் துறைமுகப் பக்கம்தான் வேலை. விடிய சைக்கிள்கள் வரிசையாகப் போகும். சம்பள நாளில் எல்லாக் குசினிகளிலும் பாரை மீன் பொரியும். எந்த வீட்டில் பொரியவில்லையோ, அங்கே சம்பளம் சாராயமாகப் போய்விட்டது என்று ஒழுங்கைக்கே தெரியும். வருமானம் அப்போது மூக்கால் அறிகிற விசயம்.

பிறகு அந்த வேலைகள் குறைந்தன. வீட்டுக்கொரு பெடியன் கட்டாருக்குப் போனான். காசு வந்தது, மாபிள் பதித்தார்கள், மேல்மாடி கட்டினார்கள். வீடு பெருக்கப் பெருக்க ஆள் குறைந்தது. நாடு நொடிந்து காஸ் சிலிண்டருக்கு வரிசையில் கிடந்த காலத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகவே போகத் தொடங்கினார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எந்த நாட்டுக்கும் தேவைப்படாதவன். அதனாலேயே எல்லோருக்கும் நம்பிக்கையான ஆளாகிவிட்டேன்.

முன்வீட்டுச் செல்வி அக்கா லண்டனுக்கு மகளிடம் போன அன்று திறப்பை என் கைக்குள் வைத்துப் பொத்தினா.

“தம்பி, பொழுதுபட முன்லைட்டைப் போட்டு விடு. ஆள் இருக்கெண்டு தெரியோணும். இல்லாட்டிக் கள்ளர் வருவாங்கள்.”

“கள்ளர் எங்கையக்கா? அவங்களும் கட்டாருக்குப் போயிட்டாங்கள்.”

“உனக்கு எல்லாம் பகிடி!” அழுதுகொண்டே சிரித்தா.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் திறப்புக் கோர்வையைச் சிறைக் காவலாளி மாதிரிக் கிலுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் லைட் போடுகிறேன். உள்ளே கதிரைகளைப் பழைய சீலையால் மூடி வைத்திருப்பார்கள். மங்கலில் பார்த்தால் ஆட்கள் இருப்பது போலத் தெரியும். நான் சுவிச்சைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவேன்.

நேற்றுப் பாண் கொண்டுவந்தவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா, இந்தப் பகுதிக்குப் புதியவர். வெளிச்சத்தை நம்பி ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வீடு நிறுத்திப் பாட்டுப் போட்டிருக்கிறார். எங்கள் படலைக்கு வந்தபோது மனிதருக்கு வியர்த்திருந்தது.

“என்ன தம்பி, எல்லா ஊட்டுலயும் லைட் எரியுது, ஒருத்தரையும் காணல்லியே?”

“ஆளில்லை நானா. லைட் நான்தான் போட்டனான்.”

“யா அல்லாஹ்! அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்குப் பாட்டுப் போட்டன்?”

சிரித்தோம். ஆனால் ஒரு றாத்தல் பாணைத் தந்துவிட்டு அவர் ஓட்டோவைத் திருப்பிய வேகத்தைப் பார்த்தேன். இனி வரமாட்டார்.

கனடாவிலிருந்து உங்கள் மாமா போனில் கோல் எடுத்து எங்களையும் வரச் சொல்கிறார். உங்கள் அம்மா ஓம் என்கிறா. நான் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ராச் சாப்பாட்டில் பாணைப் பிய்த்துக்கொண்டு, மகள், நீதான் கேட்டாய்:

“அப்பா, நாங்களும் போனா எங்கட திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறது?”

அம்மா சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தா. நான், “சாப்பிடு” என்றேன். சைக்கிள் வரிசை போய்விட்டது, மீன் வாசம் போய்விட்டது, இப்போது ஒரு திறப்பை நீட்டுவதற்குக்கூட இந்த ஒழுங்கையில் ஒரு கை மிச்சமில்லை.

கை கழுவிவிட்டு நான் தனியே வெளியே போனதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்னொரு ஆள் ஏமாறக்கூடாதென்று, போட்ட லைட்டுகளை ஒவ்வொரு வீடாக அணைத்தேன். ஒழுங்கை முகப்பில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் நான் போட்டுவிட்டு வந்த வெறும் லைட்தானோ என்று ஒருமுறை நினைத்துவிட்டேன். படலை வரைக்கும் வந்தும் திறக்கவில்லை. உள்ளே நீங்கள் இருவரும் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.